நீலப் பெயிண்ட் வைத்த திருகு

தெருவில் அவளுக்குப் பல்செட்டுக்காரி என்று பெயர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீளமான மேஜை. அதன்மேல் பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நான்கு பல் கிளினிக்குகளிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. மெழுகில் பல் பதித்து அனுப்புவாள். கிளினிக்கில் அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்து, பேசச் சொல்லி, கடிக்கச் சொல்லி, சரி என்றதும் திரும்பி வரும். பிறகு கெட்டியாக வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒரு மனிதனின் சாப்பாடும் பேச்சும் சேர்ந்து கெட்டுப்போகும் என்பது இருபது வருடத்தில் அவள் விரல்களுக்கே தெரிந்துபோன விஷயம்.

அதே மேஜையின் மறுகோடியில் ஒரு ஹாம் ரேடியோ இருந்தது, லைசென்ஸ் வாங்கி வெளியூர்க்காரர்களோடு பேசிக்கொள்கிற வயர்லெஸ் செட். கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். நாள் முழுக்கப் பேசாத பற்களோடு உட்கார்ந்திருந்து சலித்துப்போய், நாற்பத்தைந்து வயதில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள்.

அக்காள் புருஷன் அந்த உலகத்தில் பெரிய ஆள். டெலிபோன் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து முப்பது பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். யார் எப்போது பேசலாம் என்று வரிசை கூப்பிட்டு நடத்துவது அத்தான்தான். கொழுந்தியாள் பாஸானது தெரிந்ததும் ஊரறிய வாழ்த்தினார். தன்னிடமிருந்த, பேசவும் கேட்கவும் ஒன்றாக உள்ள பழைய டிரான்சீவரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, அரைநாள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு ஒரு வாரம் முன்பு, குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில், ஆன்டெனாவின் நீளத்தை அவர் தப்பாகச் சொல்ல, அவள் வாய் தவறித் திருத்திவிட்டிருந்தாள். அவரும் சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. அதை அவள் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

முதல் ஞாயிறு அவள் பேசியதும், சத்தம் கொசு மாதிரி வருகிறது, ஒன்றும் புரியவில்லை என்றார் அத்தான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவளுக்கு அவர்கள் பேசுவது கணீரென்று கேட்டது. தான் பேசுவது அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஒலிபரப்பில் இருக்கிற சங்கடமே அதுதான். கோளாறு பேசுகிறவர் வீட்டில், தெரிவது கேட்கிறவர் வீட்டில்.

அத்தான் போனில் யோசனைகள் சொன்னார். மைக்கை மாற்று. ஒயரை மாற்று. வாய்க்கு இன்னும் கிட்ட வை. வயிற்றிலிருந்து பேசு. அவள் மூன்று மைக் மாற்றினாள். மைக் பிளக்கைப் பிரித்து மறுபடி பற்றவைத்தாள். ஆன்டெனாவின் அலையே மைக் ஒயரில் ஏறிக் குரலைக் கெடுக்கும் என்று படித்து, கறுப்பு ஃபெரைட் வளையங்களை வாங்கி ஒயர் முழுக்கக் கோத்தாள். எர்த் கம்பி புதைத்தாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் அத்தான், "அடுத்து நம்ம கொசு" என்று கூப்பிட, முப்பது பேரும் சிரித்தார்கள். பெண் குரலுக்கு இந்த அலைவரிசை ஒத்துவராது என்று ஒருநாள் விளக்கமும் கொடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் அவள் பொறுத்துப் போயிருப்பாள். புயல் வந்தது. கணவர் லாரியோடு கடற்கரைச் சாலையில் இருந்தார். போன் எல்லாம் செத்துவிட்டது. அந்தச் சாலையின் சோதனைச் சாவடியில் ஹாம் நண்பர் ஒருவர் பாட்டரியில் செட் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் லாரி எண்ணைச் சொல்லி விசாரிக்க வேண்டும். அத்தான் குறுக்கே ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் போதும். அவள் எண்ணைச் சொன்னாள். புரியவில்லை, ரிப்பீட் என்றார் அத்தான். மறுபடி சொன்னாள். ரிப்பீட். எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"ஒண்ணும் புரியலம்மா. அலைவரிசையைக் காலி பண்ணு. இங்க உருப்படியான தகவல் போயிட்டிருக்கு."

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. அச்சுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள். மூன்றாம் நாள் கணவர் சேறும் தாடியுமாக வந்து நின்றார். சாவடிக்குப் பக்கத்திலேயே, ஒரு பள்ளிக்கூடத்தில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறார்.

அதன் பிறகு யார் யோசனையையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். பல் உறுத்துகிறது என்று வருகிறவரின் செட்டை எல்லா இடத்திலும் தேய்த்துவிட முடியாது. கலர்த் தாளைக் கடிக்க வைத்து, சாயம் ஒட்டிய இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். ரேடியோவையும் அப்படியே பார்த்தாள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அலையை வெளியே விடாமல் தானே விழுங்கிச் சூடாகிற டம்மி லோடு டப்பாவை மாட்டினாள். பக்கத்து அறையில் ஒரு சின்ன ரிசீவரை வைத்துப் பதிவு செய்தாள். தன் குரலை அவள் முதல்முறை கேட்டது அப்போதுதான். உண்மையிலேயே கொசு. அடிக்குரல் முழுக்க உதிர்ந்துபோய் மேல்கீச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு, செய்தி வாசிக்கிற ஒரு ஆணின் கனத்த குரலைப் போனில் ஓடவிட்டு மைக்கின் முன்னால் பிடித்தாள். அந்த ஆளும் கொசுவாகிப் போனார்.

ஆக, குரலில் குறை இல்லை. மைக்கிலும் இல்லை, மூன்றும் ஒரே மாதிரிதான் வந்தன. மூடியைத் திறந்து வரைபடத்தோடு ஒப்பிட்டாள். அந்த மாடலில் கேட்பதற்கு ஒரு திருகு, அனுப்புவதற்கு வேறொரு திருகு. குரலின் எந்தப் பகுதி வெளியே போகும் என்பதை அந்த இரண்டாவது திருகுதான் தீர்மானிக்கும். உள்ளே இருந்த திருகுகளின் தலையிலெல்லாம் கம்பெனியில் வைத்த பழுப்பு அரக்கு பழசாகி வெடித்துக் கிடந்தது. அந்த ஒரு திருகில் மட்டும் அரக்கைச் சுரண்டிவிட்டு நீலப் பெயிண்டைப் பொட்டு மாதிரி வைத்திருந்தது.

அத்தான் வீட்டில் எதைத் தொட்டாலும் அந்த நீலம் இருக்கும். ஃபேன் ஸ்க்ரூ, கதவுக் கீல், தையல் மிஷினின் அடித்தட்டு. 'நான் முறுக்கி வச்சது, யாரும் தொடக்கூடாது' என்பதற்கு அடையாளமாக அவர் வைக்கிற பெயிண்ட் அது.

அவளுக்கு அழுகை வரவில்லை. செய்தி வாசிப்பவரை ஓடவிட்டு, காதில் ஹெட்போனோடு, திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். அந்தக் குரலுக்கு மெல்ல நெஞ்சு வந்தது, தொண்டை வந்தது, முழு மனிதராக எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு தன் முறை வந்ததும் அவள் பேசினாள். இன்னொரு ஊரிலிருந்த கணக்கு வாத்தியார், இவ்வளவு அருமையான குரலை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். போன வாரம் தானே நேரில் போய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து கொடுத்ததாகச் சொன்னார். முப்பது பேரும் அவரைப் பாராட்டினார்கள். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், பெயிண்டைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நன்றி கெட்டவள் என்ற பெயரை வாங்கியிருப்பாள், அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து, அவளுக்கு வேலை தருகிற நான்கில் ஒன்றான டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து ஒரு முழு செட்டுக்கான அச்சு வந்தது. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும். சீட்டில் அத்தானின் பெயர். வயது அறுபத்தைந்து.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அந்தக் கிளினிக்குக்குப் போனதே பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான். அன்றைக்கு அரைநாள் அந்த அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தும், கொழுந்தியாள் ஏதோ பல் வேலை செய்கிறாள் என்ற அளவுக்குமேல், எந்தக் கிளினிக்குக்கு என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அவருடைய வாய் இப்போது அவள் மேஜையில், வெள்ளை வெளேரென்று, பல்லில்லாமல் திறந்து கிடந்தது.

மெழுகுச் செட்டை ஒழுங்காகச் செய்தாள். டாக்டரம்மா வாயில் வைத்துப் பார்த்து, பேச்சு, கடி, எல்லாம் பிரமாதம் என்று குறிப்பு எழுதி அனுப்பினார். வார்த்து முடித்த பிறகுதான் அவள் அதைச் செய்தாள். மேல் செட்டின் நடு முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால், நாக்கு நுனி தொடுகிற இடத்தில், தீக்குச்சியின் பாதி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் கீறி, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினாள். கடிக்க, மெல்ல, சிரிக்க அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. 'ச' என்று சொன்னால் மட்டும் காற்று அதன் வழியாகத்தான் ஓடும். அவள் இதுவரை செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அது.

'இரண்டு வாரம் வெளியூர்' போயிருந்த அத்தான் ஒரு ஞாயிறு திரும்பி வந்தார். முதல் வாக்கியத்திலேயே சிக்னல், ஸ்டேஷன், சகோதரர்கள். மூன்று விசில். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கம் எல்லோரும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு வாத்தியார், ஒலியில் ஏதோ சீட்டி கலந்து வருகிறது என்று தயங்கிச் சொன்னார். அத்தான் நம்பவில்லை. வாத்தியார் பதிவு செய்ததைத் திரும்பப் போட்டுக் காட்டினார். அத்தானுக்கு மெல்லிய கீச்சுச் சத்தங்கள் காதில் விழாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது; அதை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டபோது விசில் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி, வாய்விட்டுப் பேசிப் பார்த்தால் கேட்கவில்லை. ரேடியோ வழியாக வந்தால்தான் கேட்கிறது, ஆகவே கோளாறு ரேடியோவில் என்று முடிவு கட்டினார். பல்செட் வைத்துக்கொண்டதை அவர் ஒருவரிடமும் சொல்லாததால் வேறு மாதிரி யோசிக்க அவர்களுக்கும் வழியில்லை.

மைக் மாற்றினார். ஒயர் மாற்றினார். ஃபெரைட் வளையம் கோத்தார். தோட்டத்தில் ஆளை வைத்துப் பள்ளம் தோண்டி எர்த் கம்பி இறக்கினார். ஒவ்வொரு ஞாயிறும், இப்போது எப்படி என்று கேட்பார். அந்தக் கேள்வி விசிலோடு போகாவிட்டாலும் அடுத்து வருகிற 'சொல்லுங்க' போகும். பேக்கரிக்காரர் ஒருவர், அவர் கொஞ்சம் வாய்த்துடுக்கு, "மூணு விசில் ஆயிடுச்சு, குக்கரை இறக்கிடலாமா" என்றார். அன்றிலிருந்து அத்தானுக்குக் குக்கர் என்று பெயர் விழுந்தது. மைக்கை வாய்க்கு இன்னும் கிட்ட வைத்துப் பார்க்கும்படி அவளும் ஒருநாள் பணிவாக யோசனை சொன்னாள். வயிற்றிலிருந்து பேசிப் பார்க்கும்படியும் சொன்னாள்.

இரண்டாவது மாதம் அக்காள் பட்டறைக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நீ செஞ்சதுதானே அந்தப் பல்லு?"

அவள் மறைக்கவில்லை. திருகு, பெயிண்ட், புயல் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். அக்காள் ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே விசில் தனக்குக் கேட்டதாகவும், சொல்ல வாயெடுத்தபோது 'உனக்கு என்ன தெரியும்' என்று அவர் அதட்டியதால் விட்டுவிட்டதாகவும் சொன்னாள். முப்பத்தைந்து வருடமாகத் தான் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் திருத்திக்கொண்டிருப்பதையும் சொன்னாள்.

"இப்ப வீட்ல வாயே திறக்கறதில்லடி. அவசரப்பட்டுச் சரி பண்ணிடாத."

ஆனால் அத்தானே கூப்பிட்டார். வருடாந்திரக் கூட்டம் நெருங்கிவிட்டது. அதில் அவர் ஒரு மணி நேரம் பேச வேண்டும். நீ உன் செட்டைச் சரிபண்ணினாயே, அதை எப்படிச் செய்தாய் என்று போனில் இழுத்து இழுத்துக் கேட்டார். தான்தான் சரிசெய்து கொடுத்ததாக ஊருக்குச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை போலிருந்தது.

காலை பத்து மணிக்குப் போனாள். அத்தானின் அறை கலைத்துப்போட்ட கடை மாதிரி இருந்தது. நான்கு மைக்குகள் குடல் வெளியே தெரியக் கிடந்தன. அவள் டம்மி லோடை மாட்டினாள். ரிசீவரைக் கூடத்தில் வைத்தாள். அத்தானைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாள்: விசில். போனில் செய்தி வாசிப்பவரைப் பேசவிட்டாள்: சுத்தமாக வந்தது. பிறகு, கதவோரம் நின்ற அக்காளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தாள். என்ன பேசுவது என்று கேட்டாள் அக்காள். 'ச' வருகிற மாதிரி எதையாவது சொல்லச் சொன்னாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் சாவியைத் தொலைச்சது இவரு. சந்தேகப்பட்டது என்னை."

பதிவைப் போட்டுக் காட்டினாள். மணி மாதிரி இருந்தது. அத்தான் மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் மடையர் இல்லை. கணக்கு அவருக்கும் புரிந்தது.

"அப்ப... கோளாறு எங்கிட்டதானா?"

"உங்க பல்லுல இருக்கு அத்தான்."

அவருடைய கை தானாக வாயை மூடிக்கொண்டது. இது எப்படித் தெரியும் என்று விரல்களுக்குள்ளிருந்து கேட்டார்.

"அதைச் செஞ்சதே நான்தான். தெரியாம நடந்ததில்ல, வேணும்னேதான் கீறினேன். என் செட்டுக்குள்ள ஒரு திருகுல நீலப் பெயிண்ட் இருந்துச்சு."

அத்தான் டாக்டரம்மாவிடம் சொல்லி அவள் பிழைப்பில் மண்ணைப் போடுவதாக மிரட்டினார். தாராளமாகச் சொல்லலாம் என்றாள் அவள். ஏன் அப்படிச் செய்தாய் என்று டாக்டரம்மா கேட்பார், அவளும் சொல்வாள்; ஞாயிறு அலைவரிசையிலும் சொல்வாள். அத்தானுக்குப் பல்செட் என்பது முப்பது ஊருக்கும் தெரிந்துபோகும். அதற்குப் பதில், வருகிற ஞாயிறு அவரே திருகு விஷயத்தைச் சொல்லிவிட்டால், பல்லைச் சரிசெய்து கொடுப்பதாகச் சொன்னாள். அக்காள் கதவோரத்தை விட்டு நகரவேயில்லை. உதவிக்கு அவளைப் பார்த்த அத்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. வரிசை கூப்பிட்டு முடித்ததும் அத்தான் தொண்டையைச் செருமினார். சகோதரி ஒருவரின் செட்டை அமைத்துக் கொடுத்ததில் சிறு சறுக்கல் நேர்ந்திருக்கக்கூடும் என்று விசிலும் சொல்லுமாக ஆரம்பித்தார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"புரியல. ரிப்பீட்."

ஒரு திருகு இடம் மாறியிருந்தது என்றார்.

"யாரு மாத்தினாங்கறது சரியாக் கேக்கல. ரிப்பீட்."

அலைவரிசை இரைந்துகொண்டிருந்தது. பிறகு அத்தானின் குரல் வந்தது. அதிகாரியின் குரல் இல்லை, கிழவரின் குரல்.

"நான்தான் திருகினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். புயல் அன்னிக்கு நீ சொன்ன நம்பர் எனக்குப் புரிஞ்சுது. போதுமா?"

அவள் விரல் பொத்தானிலிருந்து வழுக்கியது. திருகியது தெரியும். அந்த எண் அவர் காதில் விழுந்தது தெரியாது. அவ்வளவு நாளாக, அந்த ஒன்றை மட்டும் கோளாறின் கணக்கில் எழுதி வைத்திருந்தாள். வாத்தியார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை, அணைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அக்காள் மேல் செட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். அரை மணி நேர வேலை. சரிசெய்து தருவதாகச் சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. எப்போது என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை. செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, மேஜையில் கண்ணெதிரே வைத்து, மற்ற வேலைகளைப் பார்த்தாள். அத்தான் இரண்டு நாள் கஞ்சி குடித்தார். எப்போது கிடைக்கும் என்று அக்காளை விட்டு நான்கு முறை கேட்டனுப்பினார். அவள் பதில் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காலை வாய்க்காலை அடைத்து, தேய்த்து, முன்பு இருந்ததைவிட நன்றாகவே முடித்துக் கொடுத்தாள்.

வருடாந்திரக் கூட்டத்துக்கு அத்தான் போகவில்லை. ஞாயிறு வரிசை கூப்பிடும் வேலையையும் உடம்பு சரியில்லை என்று சொல்லி வாத்தியாரிடம் விட்டுவிட்டார். பல் சுத்தமாகப் பேசியது; பேசுவதற்குத்தான் அவருக்கு ஆளில்லை. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அக்காள் மட்டும் வந்து போனாள்.

அத்தான் சொல்வதற்குள் அவளே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கத்தவில்லை. மெழுகில் பார்த்ததே போதும் என்று இருபது வருடமாக முடிந்த செட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நம்பி வாயில் வைத்தேனே என்று மட்டும் சொன்னார். அந்தக் கிளினிக்கிலிருந்து அதன்பின் வேலை வரவில்லை.

கணவர் லாரியிலிருந்து இறங்கி வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார். புயல் விஷயம் வந்தபோது கை தட்டிலேயே நின்றது. கடைசியில் சொன்னார்.

"பல்லுல கை வச்சிருக்க வேண்டாம்."

"வேண்டாம்தான்."

"வருத்தமா இருக்கா?"

"டாக்டரம்மா விஷயத்துல இருக்கு," என்றாள். "அத்தான் விஷயத்துல தேடிப் பாத்துட்டேன், இல்ல."

அவள் எழுந்துபோய், மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு பாட்டியம்மாவின் கீழ் செட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.